மணிகண்டராஜ் அத்தானின் ஐந்தாவது ஜீப்

எங்கள் ஊரில் கையில் நாலு காசு சேர்ந்தால் புதுக் கார் வாங்குவார்கள், இல்லையென்றால் இடம் வாங்கிப் போடுவார்கள். என் அக்காள் அருணாதேவியின் வீட்டுக்காரர் மணிகண்டராஜ் துருப்பிடித்த இரும்பு வாங்குவார். சிவகாசியில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறார். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், அது ஓய்ந்தால் தினசரி காலண்டர். காலண்டர் சீசன் முடிந்து தை பிறந்துவிட்டால் மனுஷனுக்குக் கை நமைக்க ஆரம்பித்துவிடும். எந்த ஊரில் எந்த வேலிக்குப் பின்னால் பழைய ஜீப் மக்கிக் கிடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு திரிவார். துணைக்கு நான். அவருடைய அச்சகத்தில் சம்பளம் வாங்குகிறவன் வர முடியாது என்று எப்படிச் சொல்வது?

இதுவரை நாலு ஜீப்புகளை ஓட வைத்திருக்கிறார். மூன்றை ஆசைப்பட்டுக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஒன்று வீட்டில் நிற்கிறது. அக்காள் அதில் ஏறும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பாள், ஆனால் முன்சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அத்தான் அதிகம் பேசமாட்டார். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து நின்றால் வெற்றிலைத் தட்டோடு ஓரமாகப் போய்விடுவார். அச்சகத்துக்குப் பின்னால் உள்ள ஷெட்டில், கை முழுக்கக் கிரீஸோடு இருக்கும்போதுதான் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். மற்றவர்கள் ஓட்டையில் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து முடித்துவிடுவார்கள். இவர் கடைசி நட்டு வரை கழற்றுவார். தகட்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரியும்வரை விடமாட்டார். ஒரு வண்டிக்கு இரண்டு வருடம் ஆகும். எனக்கு எரிச்சலாக வரும்.

ஐந்தாவது ஜீப் வெம்பக்கோட்டைப் பக்கம் கிடைத்தது. மூடிப்போன ஒரு பட்டாசுக் கம்பெனியின் வண்டி. அந்தக் கம்பெனியில் டிரைவராக இருந்த மணிமுத்து என்பவரிடம் அதை விட்டுவிட்டு முதலாளிகள் போய்விட்டார்கள். அவருடைய புஞ்சையில் கருவேல முள்ளுக்கு நடுவே நின்றது. பின்பக்க பெஞ்சு இரண்டும் இல்லை. தரைத் தகடு பல இடங்களில் சல்லடையாகியிருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அத்தான் பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி நாலு தடவை சுற்றி வந்தார்.

ஷெட்டுக்குக் கொண்டுவந்து தரையைப் பிரித்தபோதுதான் அது கிடைத்தது. தரைத் தகட்டுக்கு அடியில் அதைத் தாங்குகிற சட்டங்கள் உண்டு, உள்ளே வெற்றிடமாக இருக்கும். துருப்பிடித்த ஒரு சட்டத்தை அத்தான் வெட்டி எடுத்து நிமிர்த்தித் தட்டினார். கருகிய மண்ணோடு சேர்ந்து இரண்டு வளையங்கள் விழுந்தன. மண்ணெண்ணெயில் அலசியபோது வெள்ளி தெரிந்தது. ஒரு ஜோடி மெட்டி.

"ஜீப்புக்குள்ள மெட்டி எப்படி அத்தான் வரும்?" என்றேன்.

கேட்ட பிறகு எனக்கே விளங்கியது. உலோகம் எதுவும் உரசிப் பொறி கிளம்பிவிடக் கூடாது என்று பட்டாசுக் கம்பெனியில் பெண்களை எதையும் போட்டுக்கொண்டு உள்ளே விடமாட்டார்கள். ஊக்கு, வளையல், மெட்டி எல்லாம் வாசலிலேயே கழற்றியாக வேண்டும். துணிக்குள் இருந்தால் உரசாது என்று, கழற்றிய மெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். வேலை முடிந்து வெளியே வந்ததும் அதே வாசலில் உட்கார்ந்து போட்டுக்கொள்வார்கள். மெட்டி கம்பெனி ஜீப்பில் கிடக்கிறது என்றால், அந்தப் பெண் தன் காலால் நடந்து வெளியே வரவில்லை.

அக்காள் பார்த்துவிட்டுத் தொடவே இல்லை. "இருக்கன்குடி உண்டியல்ல போட்டுருங்க. ஆத்தா பாத்துக்கிடுவா" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அத்தான் மெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு ஜீப்பைத் தொடவில்லை. ஷெட்டுக்குப் போவார், டூல் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார், திரும்பி வந்துவிடுவார். ஒரு நாள் சாப்பிடும்போது, "யாராவது தேடிக்கிட்டு இருப்பாக மாப்ள" என்றார். மறுநாள் காலையில் மணிமுத்துவைப் பார்க்கக் கிளம்பிவிட்டோம்.

மணிமுத்து மெட்டியை உள்ளங்கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செல்லக்கனி மெட்டி அண்ணாச்சி இது. கம்பெனியில வெடிச்ச அன்னைக்கு அவள நாந்தான் கொண்டு போனேன். ஆளப் படுக்க வைக்கிறதுக்குப் பெஞ்ச பேத்து எறிஞ்சோம். கூட பஞ்சம்மா ஏறுனா. ரெண்டு பேரும் ஒரே தெரு, ஒரே ரூம்ல வேலை. சேல உடம்புலயே புகைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பஞ்சம்மா அத உருவித் தூர எறிஞ்சுட்டு, தன் சேலையில பாதியக் கிழிச்சு அவ மேல போத்துனா. நான் ரோட்டப் பாத்து ஓட்டிக்கிட்டு இருந்தேன். முடிச்சு எங்கன அவுந்துச்சுன்னு யாரு கண்டா? பெஞ்ச பேத்த ஓட்டை வழியா உள்ள விழுந்திருக்கும்."

செல்லக்கனி பிழைக்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உடலாகத்தான் வந்தாள். புருஷன் உயிரோடிருக்கும்போது செத்துப்போகிறவளைப் பூவும் பொட்டும் மெட்டியுமாக அனுப்பவேண்டும். பூ வந்தது, மஞ்சள் வந்தது. மெட்டி இல்லை. அவள் புருஷன் முத்துக்கருப்பன் தெருவே கூடியிருந்த இடத்தில் பஞ்சம்மாளைப் பார்த்து, "அவ முந்தான உன் கையிலதான இருந்துச்சு, முடிச்சுல இருந்தது எங்க?" என்று கேட்டார். பஞ்சம்மாள் தெரியாது என்றாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, தன் காலில் இருந்த மெட்டியைக் கழற்றி, செல்லக்கனி காலில் போட்டுவிட்டாள்.

"புருஷன் உசுரோட இருக்கையில எந்தப் பொம்பளயாவது அப்படிச் செய்வாளா அண்ணாச்சி? அந்தப் பிள்ளைமேல அம்புட்டுப் பாசம்" என்றார் மணிமுத்து. "ஆனா ஊரு வேற மாதிரி பேசிருச்சு. எடுத்தவ, மனசு உறுத்தி மாத்துக்குக் குடுத்துட்டான்னு. நான் பாத்தத சொன்னேன், டிரைவர் பேச்ச எவன் கேட்டான்?"

அதிலிருந்து தெரு அவளைத் தள்ளிவைக்காமல் தள்ளிவைத்தது. விருந்துக்கு அழைத்தார்கள், தண்ணீர் கேட்டால் கொடுத்தார்கள். ஆனால் கம்பெனி வாசலில், முந்தானை நைந்தவர்கள் தங்கள் மெட்டியைப் பக்கத்திலிருப்பவளிடம் முடிந்துவைக்கக் கொடுப்பது வழக்கம். பஞ்சம்மாளிடம் மட்டும் யாரும் கொடுக்கவில்லை. அவளும் அதற்குப் பிறகு வேறு மெட்டி வாங்கிப் போடவில்லையாம். இதைக் கேட்டபோது எனக்கு அந்தத் தெருவின்மேல் கோபம் கோபமாக வந்தது. உண்டியலில் போட்டிருந்தால் ஆத்தா பார்த்துக்கொண்டிருப்பாள்தான். பஞ்சம்மாளை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

நாங்கள் அந்தத் தெருவுக்குப் போனபோது சாயங்காலம். முத்துக்கருப்பன் அப்போதுதான் தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்த, ஒடிசலான ஆள். "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். லேபிள் விஷயமாக யாரோ வழி தவறி வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அத்தானுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மெட்டியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டார்.

முத்துக்கருப்பன் அதைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் நகத்தால் தடவினார். சாத்தூரில் தானே வாங்கிப் போட்டது, அவருக்குத் தெரியாமல் இருக்குமா? எங்கே கிடைத்தது என்று அத்தான் நாலு வார்த்தையில் சொன்னார். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"அந்தப் பொம்பளய என்ன பேச்சுப் பேசிட்டேன்" என்றார்.

பஞ்சம்மாள் வீடு மூன்று வாசல் தள்ளி. அவள் வேறொரு பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த வெள்ளி மருந்துத் தூளைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தாள். தன் வீட்டு வாசலில் முத்துக்கருப்பன் நிற்பதைப் பார்த்ததும் துண்டு அப்படியே கையில் நின்றுவிட்டது. அவர் கையை நீட்டினார். அவள் பார்த்தாள். அது என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"வண்டித் தரைக்குக் கீள கெடந்துச்சாம் பஞ்சம்மா. இந்த அண்ணாச்சி எடுத்துக் கொண்டாந்திருக்காக. உன் மெட்டியப் போட்டுக்கிட்டு அவ போயிட்டா. இது உனக்குத்தான் சேரணும்."

அவள் வாங்கவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாந்தான் எங்கயாச்சும் எடுத்து வச்சுட்டு மறந்துட்டனோன்னு நானே எம்புட்டு நாள் வீட்டைக் கொட்டித் தேடியிருக்கேன் தெரியுமாண்ணே" என்றாள். குரல் உயரவே இல்லை. "எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான் இருக்குமோன்னு ஆகிப்போச்சு."

முத்துக்கருப்பன் நீட்டிய கையை மடக்காமல் நின்றார்.

"தெருவுல வச்சுக் கேட்டீக. தெருவுல வச்சே குடுங்க" என்றாள் பஞ்சம்மாள்.

அவர் தலையாட்டிவிட்டுத் தெருவில் இறங்கினார். கம்பெனி வேன்கள் திரும்பி வரும் நேரம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நின்றவர்களின் பெயர் ஒன்றுகூட அவருக்கு மறக்கவில்லை. குளித்த ஈரத்தோடும் சோற்றுக் கையோடும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் முன்னால் மெட்டியைத் தூக்கிக் காட்டினார். "செல்லக்கனி மெட்டி" என்றார். மேலே சொல்வதற்குள் கூட்டத்தில் கசகசவென்று பேச்சு கிளம்பியது. பின்னாலிருந்து ஒரு கிழவர், "இம்புட்டு நாள் கழிச்சு எங்கயிருந்து வந்துச்சாம்? அவளே குடுத்தாளா?" என்று கேட்டார்.

பஞ்சம்மாள் தலையைக் குனிந்தாள்.

நாலு பேர் கூடினால் ஓரம் ஒதுங்கும் என் அத்தான் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றார். "என் வண்டியில இருந்துச்சு. இரும்ப வெட்டி நாந்தான் எடுத்தேன். எவ்வளவு நேரமானாலும் சரி, யாருக்குச் சந்தேகம் இருந்தாலும் என்கூட வாங்க. சிவகாசி வரைக்கும் கூட்டிட்டுப் போயி அந்த இடத்தக் காட்டுறேன்" என்றார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

யாரும் வண்டி ஏறவில்லை. பஞ்சம்மாள் மெட்டியை வாங்கிக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்து சேலையைக் கணுக்காலுக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். முதல் மெட்டி விரலில் ஏறவில்லை. கால் அவ்வளவு காய்த்துப் போயிருந்தது. கூட்டத்திலிருந்து ஒருத்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.