நிலோஃபரின் கேக் வண்டி

புதுக்கோட்டையில் பிறந்தநாளோ, வளைகாப்போ, காதுகுத்தோ, கேக் என்றால் நிலோஃபர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கைப்பக்குவம் அப்படி! ஆனால் கை செய்ததை ஆட்டோ கெடுத்துவிடும். குளத்தூர்க் கல்யாணத்துக்குப் போன மூன்றடுக்கு கேக் ஒரே ஒரு வேகத்தடையில் கூழாகிப் போனது. மாப்பிள்ளை வீட்டார் அதைக் கரண்டியால் அள்ளித் தின்றார்கள். நிலோஃபர் அழுதாள் அழுதாள், அப்படி அழுதாள்.

"இனி ஒரு கேக் வழியில விழுந்துச்சுன்னா ஓவனை எடைக்குப் போட்டுருவேன்" என்று சபதம் செய்தாள். அழுது முடித்த கையோடு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தாள். அடுத்தது கார்தான்.

புரோக்கர் நாகராசுவின் ஷெட்டில் இரண்டு பழைய கார்கள் நின்றன. ஒன்று சிவப்பு. பெரிய ஸ்கிரீன், நெஞ்சு அதிரும் ஸ்பீக்கர், கல்யாணப்பெண் மாதிரி மினுக்கு. மற்றது சாம்பல் நிறம், கதவில் நசுங்கல். ஆனால் அதில் ஏபிஎஸ் இருந்தது. விலை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நிலோஃபரின் மனசு சிவப்பின் மேல் ஏறி உட்கார்ந்து இறங்கமாட்டேன் என்றது.

"ஏபிஎஸ் இருந்தா சக்கரம் இறுகிப் போகாதும்மா. பிரேக்கை ஒரே அழுத்தா அழுத்திக்கிட்டே வண்டியைத் திருப்பலாம். இல்லாட்டி வழுக்கிக்கிட்டு நேரா போயிரும்" என்றார் நாகராசு.

கூட வந்திருந்த அண்ணன் கிபாயத்துல்லா சிரித்தார். அன்னவாசல் ரூட்டில் மினிபஸ் ஓட்டுகிறவர். "எம்புட்டு வருசமா ஓட்டுறேன்! விட்டு விட்டு மிதிச்சா எந்த வண்டியும் நிக்கும். அதுக்கு ஒரு மிஷினாக்கும்? செவப்பை எடு, நிலோ. பாட்டாவது கேக்கலாம்."

சரி, கொடும்பாளூர்க் காதுகுத்துக்குக் கேக் கொண்டுபோகும் அன்றைக்கே சிவப்பை ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. அன்று காலையில் போனால் சிவப்பு உயிரில்லாமல் கிடக்கிறது! ஷெட்டுக்கு வந்தவன் போனவனெல்லாம் பாட்டுப் போட்டுப் போட்டு பேட்டரியைத் தீர்த்துவிட்டார்கள். வேறு வழி? வேண்டாவெறுப்பாகச் சாம்பல் வண்டியில் கேக் ஏறியது.

கீழடுக்கு இரண்டும் பின் சீட்டுக்கு முன்னே கால் வைக்கும் இடத்தில் தலையணை முட்டுக்கொடுத்துப் பத்திரமாக உட்கார்ந்தன. மேலடுக்கு மட்டும் அண்ணன் மடியில். அதன் உச்சியில் வேட்டி கட்டிய சர்க்கரைத் தாய்மாமன், மடியில் சர்க்கரைக் குழந்தையோடு இருந்தார்.

"பெல்ட்டைப் போடுண்ணே."

"மடியில மாமன் உக்காந்திருக்காரு, பெல்ட்டை எங்கிட்டுப் போடுறது? நீ ரோட்டைப் பாரு. நிறுத்தணும்னா நான் சொல்லித் தந்த மாதிரி, விட்டு விட்டு மிதி."

கட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று வண்டியை ஓரங்கட்டி அவளே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். நல்ல வேளை!

அன்னவாசல் தாண்டியதும் ஒரு வளைவு. அதற்கு அப்பால் ரோட்டை அடைத்துக் கொள்ளுச்செடி பரப்பிக் கிடந்தது. போகிற வண்டியே ஏறி மிதித்து மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும், கூலி மிச்சம் என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு. அதன் நடுவில் மூக்காயி என்கிற பெண் குனிந்து செடியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். காதில் செல்போன், உலகமே மறந்த பேச்சு.

"யா அல்லா!" நிலோஃபர் மிதித்தாள். காய்ந்த செடியில் வண்டி வழுக்கியது.

"விட்டு மிதி! காலை எடு! எடுத்து எடுத்து மிதி!" அண்ணன் அலறினார்.

எடுப்பதா? பயத்தில் அவள் கால் அங்கேயே விறைத்துப் போயிருந்தது. பாதத்துக்கு அடியில் பெடல் கடகடவென்று உதறியது. அது ஏபிஎஸ் வேலை செய்கிற உதறல் என்று அவளுக்கு எங்கே தெரியும்? போச்சு, பிரேக் உடைந்துவிட்டது என்றே நினைத்தாள். கண்ணில் தெரிந்ததெல்லாம் மூக்காயியின் மஞ்சள் சேலை மட்டும்தான். ஸ்டியரிங்கை ஒடித்தாள். அட, வண்டி திரும்பியது! மூக்காயியை ஒரு முழம் விலகிச் சுற்றிக்கொண்டு போய், ஓரத்துச் செடிக் குவியலில் மூக்கைப் புதைத்து நின்றது.

மூக்காயி நிமிர்ந்தாள். "ஏந்தாயி, ரோட்டுல ஆள் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்திக்கொண்டே வந்தவள், கார் ஜன்னலைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினாள். உள்ளே கிபாயத்துல்லாவுக்கு முகமே இல்லை. நெற்றி முதல் தாடிவரை வெள்ளைக் கிரீம். சர்க்கரைத் தாய்மாமன் மட்டும் அவர் கைக்குள் அலுங்காமல் இருந்தார்.

"கேக் போச்சு, நிலோ" என்றது கிரீம்.

நிலோஃபர் இறங்கி ஓடிப்போய் மூக்காயியின் தோளையும் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கேக்கைத் திரும்பச் செய்துவிடலாம், இவளை எந்த ஓவனில் வைத்துச் செய்வது? நினைத்ததும் அழுகை பீறிட்டது.

"எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, நீ எதுக்கு ஆத்தா அழுகுற?" என்ற மூக்காயி, கிபாயத்துல்லாவின் கன்னத்தில் ஒரு விரல் வழித்து நாக்கில் வைத்தாள். "அட, நல்லாத்தான இருக்கு!"

அவ்வளவுதான். நிலோஃபருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூக்காயி சிரிக்க, கிரீமுக்குள்ளிருந்து அண்ணனும் சிரித்துக்கொண்டே இறங்க, மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

கொடும்பாளூரில் இரண்டடுக்கின் மேல் தாய்மாமனை ஒட்டிவைத்தாள். மூன்றாவது அடுக்கு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நிஜத் தாய்மாமனே இன்னும் வந்து சேராத கவலை அவர்களுக்கு.

சாயங்காலம் நாகராசு பல்லைக் காட்டினார். "செவப்புக்குப் புது பேட்டரி போட்டாச்சும்மா. பாட்டு சும்மா அதிருது!"

நிலோஃபர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். காதோரம் இன்னும் கிரீம் காய்ந்திருந்தது. "சாம்பல் வண்டி சாவியைக் குடுங்க. பாட்டை நாங்களே பாடிக்கிறோம்."

ஓவன் எடைக்குப் போகவில்லை. மேலடுக்கு அதன் பிறகு எவர் மடியிலும் ஏறவில்லை.

மறுவருசம் கொள்ளு அறுப்பு. அதே வளைவு, அதே மூக்காயி. இந்தத் தடவை நிலோஃபர் மெதுவாகவே வந்து நிறுத்தினாள். மூக்காயி குனிந்தவள் குனிந்தபடியே கேட்டாள்: "சாம்பல் காருதான? அது நிக்கும்னு தெரியும் ஆத்தா. கேக் இருக்கா?"

"கேக் இருக்கட்டும், மொதல்ல நீங்க ஓரமா வாங்க! ஏபிஎஸ் என் வண்டியிலதான் இருக்கு. பின்னாடி வர்றது எங்க அண்ணன் மினிபஸ்சு!"

வளைவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் அலறியது. போனையும் செடியையும் போட்ட இடத்தில் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூக்காயி வயலுக்குள் ஓடியதைப் பார்த்திருக்கவேண்டுமே!