அந்தோணியக்காவின் அலையில்லாக் கடல்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சேவியர் தம்பி. அந்தோணியக்காவின் தம்பி மகன். எப்போது கூப்பிட்டாலும், "துளசியம்மா, எப்ப வாறீங்க?" என்றுதான் ஆரம்பிப்பான். அன்றைக்கு, "அத்தை போயிட்டாங்கம்மா" என்றான். காலையில் கரைக்குப் போய்ப் படகுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் எங்களோடு இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் தகவல் தெரியாது. சிலர் நல்லூரில் வேறு கம்பெனியில் இருக்கிறீர்கள். சிலர் சொந்த ஊருக்கே போய்விட்டீர்கள். எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பதினோரு வருஷம் அக்காவும் நானும் ஒரே டேபிளில் எதிரெதிரே நின்றோம். பனியனைப் புரட்டிப் புரட்டி டியூப் லைட் வெளிச்சத்தில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் பார்க்கிற வேலை. குறை இருந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிப் போட வேண்டும். ஓவர்லாக் மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி எங்கள் எல்லோருக்கும் தொண்டை பெருத்துவிட்டது. வீட்டிலும் அதே சத்தம்தான். அக்கா மட்டும் கத்தமாட்டார். ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் டேபிளைச் சுற்றிப் பக்கத்தில் வந்துதான் சொல்வார். "ஏனுங்க அந்தோணியம்மா, வாக்கிங் போறீங்களா?" என்று சூப்பர்வைசர் கேலி செய்தார். அக்கா சொன்ன பதில் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

"எங்க ஊர்ல கத்துனா ஆபத்துன்னு அர்த்தம் சார். சும்மா சும்மா கத்துனா, நெசமாக் கத்தும்போது யாரு வருவா?"

அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். புருஷன் போனபிறகு பிழைக்க இங்கே வந்தவர். கண் மங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டார். அங்கே சேவியர் நாலைந்து கயாக் வாங்கிப் போட்டிருந்தான். ஆள் மேலேயே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் தட்டையான துடுப்பால் தள்ளிப் போகிற பிளாஸ்டிக் படகு. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் விட்டுப்போன நீளப் பலகை ஒன்றும் இருந்தது. அதில் நின்றுகொண்டே தள்ள வேண்டும். கடலே பார்க்காதவர்களுக்குக்கூட அத்தையும் மருமகனும் சொல்லிக்கொடுத்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மே மாத லீவில், செக்கிங் பெண்கள் ஐந்து பேரும் என் மகள் வயிற்றுப் பேத்தி பிருந்தாவும் அங்கே போனோம். அவளுக்கு அப்போது பதினொரு வயது. எதிரே ஒரு மணல் திட்டு குறுக்கே படுத்து அலையைத் தடுத்துவிடுவதால், அந்த வளைவுக்குள் தண்ணீர் அசங்காமல் கிடந்தது. "ஏனுங்கக்கா, கடல்னு கூட்டியாந்து குட்டையைக் காட்டறீங்க" என்றாள் உடுமலைப்பேட்டை ராஜாத்தி. "முதல்ல குட்டையில எந்திரிச்சு நில்லுளா, அப்புறம் கடலுக்குப் போவோம்" என்றார் அக்கா.

லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொண்டுவந்து மணலில் போட்டுவிட்டு அக்கா டீ வாங்கப் போனார். எங்கள் கை சும்மா இருக்குமா? திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் உள்பக்கம் புரட்டி செக்கிங் பண்ணி முடித்திருந்தோம். ராஜாத்தியின் பர்ஸில் அம்பு ஸ்டிக்கர் இருந்தது. நாலு ஜாக்கெட்டில் ஒட்டியும் விட்டோம். சேவியர் திகைத்துப்போய், இவங்க குளிக்க வந்தாங்களா இன்ஸ்பெக்சனுக்கு வந்தாங்களா என்று அத்தையிடம் கேட்டான். மூன்றில் வெறும் கோணல் தையல். அக்கா சிரித்துக்கொண்டே ஸ்டிக்கரைப் பிய்த்தார். நாலாவதில் தோள்பட்டி மூட்டில் தையல் விட்டிருந்தது. அதை நகத்தால் நெருடிப் பார்த்தவர் சிரிக்கவில்லை. தனியாக எடுத்து வைத்தார். "இவளுகளுக்கு நீச்சல் தெரியாது. தையல் தெரியும்" என்று சேவியரிடம் சொன்னார்.

படகில் ஏறுவதற்கு முன் எல்லோரும் மூன்று தடவை தண்ணீரில் விழ வேண்டும் என்பது அக்காவின் சட்டம். இடுப்பளவு ஆழத்தில் படகை அவரே கவிழ்த்து விடுவார். "விழுந்து எந்திச்சவளுக்குத்தான் துடுப்பு" என்பார். ஏறியதும் எங்கள் ஆட்கள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. குனிந்து, கைக்கு நேரே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. "பனியன் துணியாளா அது, ஓட்டை தேடுதீய? அந்தா தெரியுத பனைமரத்தைப் பாத்துத் தள்ளுங்க" என்றார். நிமிர்ந்து பார்த்ததும் படகும் நேராகப் போனது.

நான் தண்ணீரில் கால் வைக்கவில்லை. பிருந்தாவின் கையையும் விடவில்லை.

என் தங்கச்சிக்கு எட்டு வயசாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக் கிணற்றுப் படியில் இறங்கினாள். நான் வரப்பிலிருந்து, "விழுந்துருவே!" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கால் வழுக்கிவிட்டது. இதை நான் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தேன். செக்கிங் டேபிளில், அக்காவிடம். அதனால் அன்று அக்கா என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சாயங்காலம் வரைக்கும் பிருந்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் அக்கா என் பக்கத்தில் மணலில் வந்து உட்கார்ந்தார். தங்கச்சி போனது உன் தப்பில்லை என்று அவர் சொல்வார், நானும் தலையாட்டிவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"அது உன் தப்பா இல்லையான்னு எனக்குத் தெரியாதுளா. நான் அங்க இல்ல. இந்தப் பிள்ள இங்க இருக்கா. தண்ணியில போறவளுக்குச் சொல்லிக்குடுக்க சேவியர் இருக்கான். கரையில எப்படி நிக்கதுன்னு உனக்கு நான் சொல்லித்தாரேன்."

அதற்கும் சட்டம் வைத்திருந்தார். நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது. பிள்ளை திரும்பினால் கண்ணுக்குப் படுகிற மாதிரி ஒரு கையை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. கரையில் இருப்பவர் கத்தினால் படகில் இருப்பவர் சட்டென்று உடம்போடு திரும்புவார், படகு சாயும் என்றார். என்னால முடியாதுங்கக்கா என்றேன். "முடியாதுன்னா இப்பவே சொல்லு. பிள்ளைய இறக்க மாட்டேன். நீ சொல்லுததுதான் முடிவு" என்றார். பிருந்தா எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போயிட்டு வா கண்ணு என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மூன்று தடவை விழுந்து எழுந்து, ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு போனாள். பக்கத்துப் படகில் சேவியர். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, முதுகு வளையாமல் உட்கார்ந்து என்ன நேராகத் தள்ளினாள் தெரியுமா! பாதி தூரத்தில் பக்கவாட்டில் சாய்ந்தாள். என் தொண்டை வரைக்கும் சத்தம் வந்துவிட்டது. அக்கா என் வாயைப் பொத்தவில்லை. தூக்கியிருந்த கை இறங்கிவிடாமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். படகு கவிழ்ந்தது. ஆரஞ்சு ஜாக்கெட் மேலே வந்தது. பிருந்தா தலையைச் சிலுப்பிக்கொண்டு கரையைப் பார்த்தாள். சேவியர் படகைப் பிடித்துக்கொடுக்க, வயிற்றால் ஊர்ந்து ஏறிக் காலை நீட்டி உட்கார்ந்தாள். பிறகு திட்டு வரைக்கும் போய்த்தான் திரும்பினாள்.

கரைக்கு வந்ததும் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "அம்மாயி, உங்க கை தெரிஞ்சுதுங்க."

அக்கா அப்போது அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு துடுப்புகளை அடுக்கினார். மூன்றாம் நாள் நானும் விழுந்து எழுந்து, இருவர் உட்காரும் படகில் அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை பாராட்டுவார் என்று பார்த்தால், "ஏளா, துடுப்பைத் திருப்பிப் பிடிச்சிருக்க" என்றார்.

புதன்கிழமை அடக்கத்துக்கு ராஜாத்தி, நான், பிருந்தா மூவரும் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலையில் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் முன்கூட்டியே சொல்லிவைத்தபடி வந்து நின்றது. திருப்பி அனுப்பினால் அத்தை திட்டுவார் என்று சேவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படகை இறக்கினான். அவர்களுடைய மகள் தண்ணீரில் கொஞ்ச தூரம் போனதும், அந்த அம்மா கரையில் இங்கேயும் அங்கேயும் ஓடி, அவள் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் எழுந்து போனேன். இருந்த இடத்திலிருந்து கூப்பிடவில்லை. பக்கத்தில் போய் நின்று, "இங்கயே நில்லுங்க சாமி. கையை மட்டும் தூக்குங்க. பாப்பா பாக்குமுங்க" என்றேன். அந்த அம்மா கையைத் தூக்கினார்கள். அது மெல்ல இறங்கப் பார்த்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

தண்ணீரைப் பார்த்தால் வரும் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அக்கா அதைப் போக்கித் தரவும் இல்லை. பயந்துகொண்டே வாயை மூடி நிற்பதற்குச் சொல்லிக்கொடுத்தார். அது என்னிடம் இருக்கிறது.