விருந்தாளியை எங்கே பதிவது?

கனடாவுக்குப் போன முதல் ஆண்டில் அக்காள் மகன் இரண்டு நாள் தங்க வந்தான். உட்காரக்கூட விடாமல் அவனுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு டோரத்தியிடம் போனேன். "கெஸ்ட் வந்திருக்கிறார். எந்த ஆபீஸில் ரிப்போர்ட் செய்வது?" என்று கேட்டேன். கிழவி குரலைத் தாழ்த்தி, "அவர் உங்களைத் தொந்தரவு செய்கிறாரா?" என்றாள். இல்லை, தூங்கப் போகிறார் என்றேன். சற்று யோசித்தவள், உள்ளே போய் ஒரு மடக்குக் கட்டிலை இழுத்து வந்து கொடுத்தாள்.

நான் விட்டு வந்த ஊர் பர்மாவின் யாங்கோன், பழைய ரங்கூன். அந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே வெளியூர் ஆள் ஓர் இரவு தங்கினாலும் பேட்டை அலுவலகத்தில் பெயர் கொடுத்து, விருந்தாளிப் பட்டியலில் ஏற்ற வேண்டும். நான் சரக்கு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் படிவம், எத்தனை நகல், எந்த மேசை என்று தெருவே என்னிடம்தான் கேட்கும். எல்லோருக்கும் நான் 'சயா', பர்மிய மொழியில் வாத்தியார். சயா சொன்னால் சட்டம்.

எண்பத்தெட்டில், ஆட்சிக்கு எதிரான போராட்டத்தால் ஊர் கலங்கிக் கிடந்த மாதங்களில், ஒரு சாயங்காலம் காதர் வந்து நின்றான். பள்ளித் தோழன், வெளியூரான கியாக்தானில் துணிக்கடை வைத்திருந்தான். ஊருக்குப் போகும் பஸ் நின்றுவிட்டது. கூட எட்டு வயதுக் கடைசி மகள் ஜமீலா, காய்ச்சலில் கண் சிவந்து.

"ஒரு ராத்திரி மட்டும் சயா. விடிஞ்சதும் போயிடுறோம்."

எனக்குப் பயம். அந்த நாட்களில் என் பெயர் எந்தக் காகிதத்திலும் வெளியூர் ஆளோடு சேர்ந்து வருவதை நான் விரும்பவில்லை. "பட்டியல் மூடிட்டாங்க காதர். பதியாம வச்சா உனக்கும்தான் கஷ்டம்" என்றேன். மூடவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது; அது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பள்ளிவாசல் தாழ்வாரத்தில் இருவரும் உட்கார்ந்தே இரவைக் கழித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கனடாவில் குடியுரிமைத் தேர்வுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். மாகாணங்கள், ஏரிகள் எல்லாம் மனப்பாடம் செய்து ஒரு தவறும் இல்லாமல் எழுதினேன். ஆனால் கனடியன் என்றால் யார் என்று அந்நாட்டுக்காரர்களே ஓயாமல் வாதாடுகிறார்கள். அமெரிக்கர் இல்லை என்பதில் மட்டும் ஒற்றுமை. எனக்குத் தெரிந்த விடை அந்தக் கட்டில்தான். டோரத்தி மகான் அல்ல. பத்து வருடமாக என் பெயரைத் தப்பாகத்தான் கூப்பிடுகிறாள். பட்டியலே இல்லாத நாட்டில் நல்லவராக இருப்பது சுலபம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. பதிய வழி இருந்தபோதே பொய் சொன்னவன் நான்.

அந்த இரவுக்கு இருபது வருடம் கழித்து யாங்கோன் போனேன். காதர் இறந்துவிட்டான். ஜமீலா அங்கே லத்தா பேட்டையில் மொத்தத் துணி வியாபாரம் செய்கிறாள்; கடைக்கு மேலேயே வீடு.

"ஹோட்டல் எதுக்கு மாமா? இங்கேயே படுங்க."

"கனடா பாஸ்போர்ட்டும்மா. வெளிநாட்டுக்காரன் வீட்டுல தங்கக் கூடாது. மாட்டினா உனக்குத்தான் தொல்லை."

சிரித்தாள். "சட்டத்த மறக்கவே இல்ல. வாப்பாவும் சொல்லிட்டே இருப்பாங்க. பட்டியல் மூடிட்டா சயா என்ன செய்வார், அவர் மேல கோவப்படாதேன்னு."

தேநீரைக் கீழே வைத்தேன். "அன்னைக்கு மூடல, ஜமீலா."

"தெரியும் மாமா. அந்த ஆபீஸத் தாண்டித்தானே உங்க வீட்டுக்கு வந்தோம். கதவு திறந்திருந்துச்சு. ஆளுங்க வரிசையில நின்னாங்க."

"காதர் பாத்தானா?"

"வாப்பாதான் எனக்குக் காட்டுனாங்க. இன்னும் நேரம் இருக்கு, சயா பதிஞ்சிடுவார்னு."

என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். ஹோட்டல் மேசையில் படிவம் நீட்டினார்கள். நாடு என்ற இடத்தில் கனடா என்று எழுதினேன். அடுத்தது பிறந்த ஊர். பேனா நகரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஜமீலா நின்றுகொண்டிருந்தாள், எனக்குப் படுக்க இடம் கிடைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று.