மாஸ்டரின் பதினொரு ஒன்றுகள்

புட்டைக் குழைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றுவிடும். ஈரமான சுட்டுவிரல் மேசையில் நெட்டுக்குத்தாகப் பதினொரு கோடுகளைக் கீறும். தள்ளி நின்று பார்த்தால் கிடுகு கட்டாத வேலி போலிருக்கும். தேவமலர் துணியோடு வந்து துடைத்துவிட்டு, "சாப்பிடுங்கோ. உது ஒரு இடமும் ஓடாது" என்பார். கிருபைரட்ணம் மாஸ்டர் துடைத்த இடத்திலேயே மறுபடி கீறுவார்.

மானிப்பாயில் கணக்குப் படிப்பிக்கும் மாஸ்டருக்குச் சுருட்டு, சீட்டு, கள்ளு ஒன்றும் கிடையாது. ஒன்று என்ற இலக்கத்தைப் பதினொரு தடவை அடுத்தடுத்து எழுதினால் வரும் எண்தான் அவருடைய ஒரே கெட்ட பழக்கம். மூன்று ஒன்றுகள் நின்றால் மூன்றால் பிரியும். நாலு நின்றால் பதினொன்றால் பிரியும். ஏழு ஒன்றுகள் ஒரு மாரிகாலம் முழுக்க அவரை அலைக்கழித்துவிட்டு, இருநூற்று முப்பத்தொன்பதில் விட்டுக்கொடுத்தன. பதினொன்று மட்டும் அசையவில்லை. இரண்டு வருடமாக வகுக்கிறார். எதனால் வகுத்தாலும் மிச்சம் வருகிறது.

"இது பிரியாது போலை கிடக்கு, தேவமலர்."

"நான்தான் பிரிஞ்சு போகப்போறன்."

இந்தப் பங்குனியில் வேலி அடைக்க ஆள் வந்தது. காணி தேவமலரின் சீதனம். எல்லையோரம் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறது. போனமுறை அடைத்தபோதே பக்கத்து வளவுச் சோமசேகரம் வேலித்தடியாக நட்ட பூவரசங் கதியால்கள் ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தன. இன்னொரு சாண் வந்தால் மரம் அவருடையது.

"பழைய குழியிலைதான் கதியால் நிக்கோணும். கண்ணை எடுக்காதேங்கோ" என்று மாஸ்டரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, தேவமலர் தேத்தண்ணி போடப் போனார். அடுப்படி யன்னலால் பேச்செல்லாம் கேட்டது.

"மாஸ்டர், அந்தப் பதினொண்டு பிரிஞ்சுதோ?" சோமசேகரத்துக்கு வாய்ப்பாடே தகராறு.

"இல்லைப் பாருங்கோ! ஐயாயிரத்தைத் தாண்டிட்டன்." மாஸ்டர் குந்தியிருந்து மண்ணில் கீறத் தொடங்கினார்.

குழி தோண்டும் அலவாங்கு ணங்கென்று இறங்கியது.

"பதின்மூண்டாலை?"

"ஒன்பது மிஞ்சும்."

ணங்.

"பதினேழாலை?"

"நாலு!"

ணங்.

தேவமலருக்கு அப்போதுதான் விளங்கியது. கேள்விக்கு ஒரு கதியால். கேத்திலை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். புதிய கதியால்கள் பழைய குழிகளை விட்டு இந்தப் பக்கமாக வரிசை கட்டி நின்றன. மாமரத்தடியில் பழைய குழி ஒன்றுதான் கதியால் விழாமல் மிச்சம். மாஸ்டர் வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலைகுனிந்து வகுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணைக்கு எப்ப தொடக்கம் கணக்கிலை ஆசை?" என்று தேவமலர் சோமசேகரத்தைக் கேட்டார்.

"சும்மா ஒரு அறிவுக்குத்தான், தங்கச்சி."

தேவமலர் மாஸ்டரைக் கையில் பிடித்து எழுப்பி, மாமரத்தடிக் குழியருகே கொண்டுபோனார்.

"இறங்குங்கோ."

"நானோ?"

"ஓம். கணக்குக் கேக்கிறவை உங்களைக் கிளப்பிக்கொண்டு போகேலாமல் இதிலை நில்லுங்கோ, பாப்பம்."

மாஸ்டர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கால் ஆழத்துக்கு இறங்கினார். தேவமலர் அளவுக்கயிற்றை அவர் இடுப்பில் சுற்றி, மற்ற நுனியை மூலையில் நின்ற பழைய பூவரசில் கட்டச் சொன்னார். "நட்டதுகளைக் கிளப்பிக் கயிற்றோடை நடுங்கோ." வேலையாட்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கதியால்களைக் கிளப்பத் தொடங்கினார்கள்.

சோமசேகரம் சால்வையை உதறித் தோளில் போட்டபடி, "பத்தொன்பதாலை, மாஸ்டர்?" என்றார்.

மாஸ்டரின் வாய் திறந்தது. மனைவியின் முகத்தைக் கண்டு மூடிக்கொண்டது. நிமிர்ந்து ஆடாமல் நின்றார். சுட்டுவிரல் மட்டும் வேட்டிமேல் மெல்லக் கீறத் தொடங்கியது.

தேவமலர் இடுப்பில் தொங்கிய கயிற்று நுனியை எடுத்து, அந்த விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தார்.