எட்டாம் குழிக்குப் பின்னால்

புல்லை ஒரு சிட்டிகை கிள்ளி மேலே விடுகிறார். அது மிதந்துபோய் மதில் சுவர்ப் பக்கம் விழுகிறது. இன்னொரு சிட்டிகை. அதுவும் அதே பக்கம்தான். "போச்சு, தெருவுக்கு நேரா போகுது" என்று முணுமுணுத்துவிட்டு, முதுகிலிருந்த மருந்து டேங்கை இறக்கி வைக்கிறார். காற்று திசை மாறும்வரை இனி அவர் எழுந்திருக்க மாட்டார். விடிந்ததும் விடியாததுமாக ஆட வந்த உறுப்பினர் ஒருவர், "என்னப்பா, நீயும் ஆட வந்துட்டியா?" என்று சிரிக்கிறார். பந்தை அடிக்குமுன் அவர்களும் இப்படித்தான் புல்லைத் தூவிக் காற்றைப் பார்ப்பார்கள்.

அந்தக் கோல்ஃப் மைதானத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புல்லுக்கு மருந்து அடிக்கிறார். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'வானிலை'. வந்ததும் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார், பிறகுதான் ஆட்களின் முகத்தைப் பார்ப்பார். மருந்து டப்பாவில் ஒட்டியிருக்கும் தாளை ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டிப் படிப்பார். "நேத்துதானே அண்ணே படிச்சீங்க?" என்று கேட்டால், "நேத்து படிச்சது நேத்துக்கு" என்பார். வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றி வெளியிலேயே மாட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். "எங்க வீட்ல கொசுவத்தியே வாங்கறதில்ல. இவர் சட்டைய ஜன்னல்ல மாட்டினா போதும்" என்பாள் மனைவி.

பயந்த மனுஷர். அதை அவரே ஒப்புக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், மருந்து கலக்கிய வாளியை பந்து விழும் எட்டாம் குழிக்குப் பக்கத்திலிருக்கும் குளத்தில் அலசிவிட்டார். மறுநாள் அந்தப் பக்கம் போனபோது ஒரு தவளைகூடக் கத்தவில்லை. "சத்தமே இல்லாம போச்சு பாருங்க, அதுதான் இன்னும் காதுல கேக்குது."

அந்தக் குளம் நிரம்பினால் மதகு வழியாக நீர் வாய்க்காலில் இறங்கும். வாய்க்கால் மதில் சுவருக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கத்துத் தெருவில் ஓடும். தெருவின் பொதுக் கிணறு வாய்க்காலிலிருந்து பத்தடி தூரம். அந்தத் தெருவில்தான் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். பேத்திக்கு ஒன்றரை வயது.

போன மழைக்காலத்தில் ஒரு பெரிய போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, எட்டாம் குழியைச் சுற்றிப் புல்லில் பூஞ்சை பிடித்து வட்ட வட்டமாக மஞ்சள் பூத்தது. மேனேஜர் வந்து பார்த்தார். "இன்னைக்கே அடிச்சாகணும். ரெண்டு மடங்கா கலக்கிக்கோ."

வானிலை வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. "சார், மழை வரும்போல இருக்கு. ஒருநாள் தள்ளிப் போட்டா..."

"மழை உன்கிட்ட சொல்லிட்டுத்தான் வருமா? பயமா இருந்தா சொல்லு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

ஐம்பது வயதுக்கு மேல் எங்கே போய் வேறு வேலை தேடுவது? கலக்கினார், அடித்தார். அதைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் மேனேஜர்மேல் பழியைப் போடுவதில்லை. "யாரும் என் கையைப் பிடிச்சு அடிக்க வைக்கலை. நான்தான் அடிச்சேன்."

மதியம் மூன்று மணிக்குக் கொட்டத் தொடங்கிய மழை ஒரு மணி நேரம் விடவில்லை. மண்சாக்குகளைத் தூக்கிக்கொண்டு மதகுக்கு ஓடினார். நான்கு சாக்குகளைப் போட்டுவிட்டு ஐந்தாவதை எடுக்கத் திரும்பியபோது நீர் சாக்குகளுக்கும் மேலே ஏறி நுரையோடு வழிந்தது. அதில் மல்லாந்த மீன் ஒன்று சுழன்று சுவருக்கு அடியில் போயிற்று. மழை சற்று விட்டதும் சுவருக்கு அப்பால் வாளிகள் மோதும் சத்தமும் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தமும் கேட்டன. கிணற்றில் தண்ணீர் இறைக்க வந்துவிட்டார்கள்.

சுவரில் வழி கிடையாது. பெரிய வாசலைச் சுற்றித்தான் போக வேண்டும். கனத்த ரப்பர் பூட்ஸோடு, கழுத்தில் முகமூடி தொங்க ஓடினார். வேலை போகும், கேஸ் போடுவார்கள், தெருவே சேர்ந்து அடிக்கும் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கால் மட்டும் நிற்கவில்லை.

"யாரும் தண்ணி எடுக்காதீங்க! எடுத்தத கொட்டிடுங்க!"

"ஏண்ணே, எலி கிலி செத்துக் கெடக்கா?" என்றாள் ஒருத்தி.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். ஆனால் எலியைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லையென்றதும் மறுபடி இறைத்திருப்பார்கள்.

"மருந்தும்மா. உள்ள நான் அடிச்ச மருந்து. ரெண்டு மடங்கு. வாய்க்கால்ல இறங்கிடுச்சு."

அந்தப் பெண் தன் வாளியை அவர் காலடியிலேயே கவிழ்த்தாள். "உன் பேத்தியும் இதைத்தானே குடிக்கிறா?" என்றாள். கூட்டத்தின் ஓரத்தில் மகள், இடுப்பில் குழந்தையும் கையில் நிறைகுடமுமாக நின்றிருந்தாள். அவர் கிணற்றுக் கயிற்றிலிருந்து வாளியை அவிழ்த்தார், அந்தக் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு கிணற்றுக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை தெருவே காலிக் குடங்களோடு மைதானத்தின் வாசலில் உட்கார்ந்தது. ஒரு காரும் உள்ளே போக முடியவில்லை. "உன்னை யாருய்யா போய்ச் சொல்லச் சொன்னது?" என்று மேனேஜர் கத்தினார். வானிலை கைகட்டி நின்றார். போட்டி தள்ளிப்போயிற்று. தெருவுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. குளத்தையும் கிணற்றையும் சோதிக்க ஆட்கள் பாட்டிலோடு வந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மேனேஜரும் மாறினார்.

புதிய மேனேஜராக வந்த அம்மாள் குளத்தைச் சுற்றி முப்பதடிக்கு மருந்தே கூடாது என்று சொல்லிவிட்டார். இப்போது அங்கே கோரை இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது, பந்து தொலைகிறது என்று உறுப்பினர்கள் முனகுகிறார்கள். மருந்து அடிப்பதானால் முதல் நாளே தெருவுக்குச் சொல்ல வேண்டும். அடிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் வானிலைதான். சந்தோஷப்படுவார் என்று அந்த அம்மாள் நினைத்திருப்பார். இவருக்கோ அன்றிலிருந்து தூக்கம் குறைந்துவிட்டது. "முன்னாடி பாதி பயம் மேனேஜருக்கு, பாதி எனக்கு. இப்ப மொத்தமும் எனக்கே." வாளியைக் கவிழ்த்த பெண் இன்னும் அவரோடு பேசுவதில்லை. மற்றவர்கள், "அண்ணே, இன்னைக்குத் துணி காயப் போடலாமா?" என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடியில் விரிக்கிறார்கள்.

அந்த மழைக்குப் பதினெட்டாம் நாள்தான் சோதனை முடிவு வந்தது. குளத்தில் மட்டும் மருந்து இருந்தது, கிணற்று நீரைக் குடிக்கலாம். புதிய மேனேஜர் கிணற்றடிக்கே வந்து தாளை இரண்டு தடவை உரக்கப் படித்தார். முதல் வாளி மேலே வந்ததும் எல்லோருக்கும் முகம் தெளிந்தது. அழுதுகொண்டிருந்த குழந்தைக்காக மகள் ஒரு டம்ளர் மொண்டு அதன் உதட்டருகே கொண்டுபோனாள்.

அப்பா ஓர் அடி முன்னால் வந்ததைப் பார்த்து, "அதான் சோதனைப் பேப்பர்லயே வந்துடுச்சேப்பா" என்றாள்.

அவர் கையை நீட்டி, டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.