நெருப்பு மலைக்குத் துணை போனவள்

மகன் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு எரிமலை பார்க்கப் போகிறான். "அம்மா, நீங்களும் வாங்கோவன். ரிக்கற் போடட்டே?" என்று கேட்டான். ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் அடைந்து கிடக்கிறேன் என்ற இரக்கம். "நான் ஒம்பது வயசிலயே ஏறி இறங்கினவள். நீ போயிட்டு வா" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

பகிடி இல்லை. அப்பா அப்போது பினாங்கில் ரயில்வேயில் வேலை. ஒருநாள் எங்களைக் கப்பலேற்றி, ஒல்லாந்தர் ஆண்ட சபாங் தீவுக்குக் கொண்டுபோனார். நெருப்பு மலை காட்டத்தான் என்றார். மலையடிவாரத்துக் கடற்கரைக் கிராமத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் வீட்டில் இறங்கினோம். துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றுவிப்பவர். மனைவியை இழந்தவர், தலை முழுக்க நரை. அக்காவுக்குப் பதினாறு.

மறுநாளே கப்பல் திரும்பிவிடும். அக்காவோடு மலை ஏறி இறங்குவதற்குள் கலியாணத்துக்குச் சம்மதம் சொல்வதாக அவர் அப்பாவுடன் பேசியிருந்தார். கடற்பயணத்தில் வாந்தியெடுத்து அம்மா படுத்துவிட்டா. பெண் துணையில்லாமல் குமர்ப்பிள்ளையை அனுப்பக்கூடாது. துணைக்கு மிஞ்சியது நான்தான்.

விடியற்காலையில் அக்கா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனா.

"வயித்துக்குத்து எண்டு சொல்லடி. நீ போகாட்டி என்னையும் விடமாட்டினம்."

"எனக்கொரு குத்துமில்லை. நான் நெருப்பு பாக்கோணும்."

"என்ர வளையல் தாறன்."

"உன்ர வளையல் எனக்குக் கழண்டு விழும்."

போனோம். அப்பா எங்களை அவரோடு முன்னே விட்டு, வேண்டுமென்றே பின்தங்கி நடந்தார். மேலே நெருப்பைக் காணவில்லை. மஞ்சள் பூத்த கல்லிடுக்குகளில் புகை மட்டும் நாறிக்கொண்டு வந்தது. எனக்கு அழுகை முட்டியது. அவர் ஒரு முட்டையைத் துணியில் கட்டிக் கொதிக்கும் சேற்றில் இறக்கினார்.

"அடுப்புமில்லை, விறகுமில்லை, பாத்தீரே?" என்று அவித்த முட்டையை உரித்துத் தந்தார். "கொக்காவுக்குச் சமைக்கத் தெரியுமோ?" என்று அக்காவைக் கண்ணால் காட்டிக் கேட்டார்.

"ஓம். மீன்குழம்பு நல்லா வைப்பா. எவ்வளவு ஏசினாலும் வாய் காட்டமாட்டா" என்றேன், வாய் நிறைய முட்டையோடு.

அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அக்கா ஒன்றும் பேசவில்லை. நான் சொன்னது சரியாகப் போயிற்று.

அடுத்த மாதம் பினாங்கில் தாலி கட்டி, அக்காவை அவரோடு கப்பலேற்றினார்கள். நான் கூப்பிடக் கூப்பிட அவ என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நெருப்பு மலைக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்துவிட்ட செருக்கு என்று நினைத்து, நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.