பெண்களுக்குப் பத்தாம் நம்பர்

எனக்குக் கால் பெரிது. நம் ஊர்க் கடைகளில் பெண்கள் செருப்பு எட்டாம் நம்பரோடு முடிந்துவிடும். எனக்குப் பத்து வேண்டும். பதினைந்து வயதிலிருந்து ஆண்கள் பகுதியில்தான் செருப்பு வாங்கினேன். கல்யாணத்தன்றுகூட பட்டுப்புடவைக்குக் கீழே பழுப்பு நிற ஆண்கள் செருப்புதான். அது படத்தில் தெரியாமல் இருக்கப் புடவையை இழுத்துவிடச் சொன்னார் புகைப்படக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்காக என்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு கோவில்பதாகையில் ஒரு சின்ன ஃபிளாட். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில், போனில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்கும் வேலை. ஆட்களைக் குறைத்தபோது அது போயிற்று. மறுவாரமே கணவரிடம் சொன்னேன், பெரிய கால் உள்ள பெண்களுக்கு மட்டும் ஆன்லைனில் செருப்புக் கடை போடப்போகிறேன் என்று.

"அந்த மாதிரி எத்தனை பேர் இருப்பாங்க?" என்றார்.

"ஒருத்தி உங்க முன்னாடி நிக்கிறாளே."

ஃபிளாட்டில் சரக்கு அடுக்க இடமில்லை. அதனால் டிராப் ஷிப்பிங் முறையைத் தேர்ந்தெடுத்தேன். கடை என்னுடையது, ஆர்டர் எனக்கு வரும். செருப்பு செய்பவர் தன் பட்டறையிலிருந்தே அதை வாடிக்கையாளருக்கு நேராக அனுப்பிவிடுவார். இணையப் பக்கம் ஒரே வாரத்தில் தயாராகிவிட்டது. செருப்பு செய்ய ஒப்புக்கொள்ளும் ஆள்தான் கிடைக்கவில்லை.

இணையத்தில் கிடைத்த சப்ளையர்களுக்கெல்லாம் போன் செய்தேன். பெண்கள் செருப்பில் பத்து என்றதும் பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். "ஜென்ட்ஸ் மாடல்ல பூ ஒட்டித் தர்றோம் மேடம்" என்றார் ஒருவர். இன்னொருவர் தாராளமாக "இருக்கு" என்று சொல்லி, மாதிரிக்கு ஒரு ஜோடி அனுப்பினார். அடியில் பத்து என்று அச்சிட்ட ஸ்டிக்கர். கால் நுழையவில்லை. நகத்தால் ஸ்டிக்கரை உரித்தேன். அதற்கடியில் எட்டு.

உடனே போன் செய்தேன். "லேடீஸ்ல அவ்ளோதான் மேடம் வரும். அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார்.

"இருபது வருஷமா அட்ஜஸ்ட் பண்ணியாச்சு. உங்க செருப்பு திரும்பி வருது" என்றேன்.

இனி போனில் பேசிப் பயனில்லை, பட்டறைக்கே போவது என்று முடிவு செய்தேன். கள்ளிக்குப்பம் பக்கம் ஒரு பட்டறை இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு காலை நேரத்தில் போனேன். எட்டுப் பத்துப் பேர் வேலை செய்யும் இடம். சுவர் முழுக்க பிளாஸ்டிக் கால் அச்சுகள் அளவு வாரியாகத் தொங்கின. அந்த அச்சின்மேல்தான் செருப்பை வைத்துக் கட்டுவார்கள். பெண்கள் வரிசை எட்டோடு நின்றிருந்தது.

முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இன்னாமா சொல்ற? பொம்பளைக்குப் பத்தா? யார்மா வாங்குவா?"

அவர் கேட்டது மொத்தப் பட்டறையின் காதிலும் விழுந்தது. மிஷின்கள் நின்றன. எனக்கு முகம் சுட்டது. ஆனால் இந்த முறை நான் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றினேன். மேஜையிலிருந்த பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து அதன்மேல் ஏறி நின்றேன்.

"நான் வாங்குவேன் சார். வரஞ்சு பாருங்க."

அவர் அசையவில்லை. மூலை மிஷினில் பட்டை தைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எழுந்து வந்தார். கையில் சாக்பீஸ். குனிந்து என் காலைச் சுற்றி வரைந்து முடித்துவிட்டு, முதலாளியைப் பார்த்து நிமிர்ந்தார்.

"எனக்கு ஒம்போது மொதலாளி. இத்தினி வருசமா இங்க பொம்பள செருப்புதான் தெச்சுகினு கீறேன். ஒண்ணுகூட என் கால்ல ஏறுனதில்ல."

அவர் காலில் நீல வார் போட்ட ஆண்கள் ரப்பர் செருப்பு.

"நீ சொல்லவே இல்லியேமா."

"நீ எங்க கேட்ட?"

முதலாளி தலையைச் சொறிந்தார். புது அச்சு செய்யச் செலவாகும் என்றார். "முன்னூறு ஜோடி எடுத்துக்கறேன்னு சொல்லு, நாளைக்கே போட்ருவோம்."

"ஜோடி எடுக்க மாட்டேன் சார். ஆளக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கடையின் இணையப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் போட்டேன்: உங்கள் காலைக் காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள், அந்த அளவுக்குச் செருப்பு செய்ய ஆள் தேடுகிறேன். முதல் வாரம் மூன்றே உறைகள் வந்தன. பிறகு தினமும் கூரியர். காலண்டர் தாளில், பிரவுன் அட்டையில், இரண்டு தாள்களை டேப் போட்டு ஒட்டியதில் எல்லாம் வரைந்திருந்தார்கள். ஒரு பெண் காவலர், ஒரு நர்ஸ், ஒரு வாலிபால் வீராங்கனை. ஆவடி துணை ராணுவ முகாமில் பயிற்சியில் இருந்த பெண் விடுமுறை நாளில் நேரிலேயே வந்தாள். திருநங்கை ஒருவர், "பெண்களுக்கு என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கும் உண்டா?" என்று எழுதியிருந்தார். "உங்களையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன்" என்று பதில் எழுதினேன்.

ஒரு பை நிறையத் தாள்களோடு மறுபடியும் பட்டறைக்குப் போனேன். தரையில் ஒவ்வொன்றாக விரித்தேன். வரிசை வாசல்வரை போயிற்று. முதலாளி நாற்காலியை விட்டு இறங்கி, தாள்களை மிதிக்காமல் ஓரமாக நடந்தார். ஓரிடத்தில் குந்தி உட்கார்ந்து அளவு டேப்பை வைத்து அளந்தார். இன்னொன்றை அளந்தார். அவர் முகத்திலிருந்த கிண்டல் போய்விட்டது.

"முன்னாடிதான் அகலம். குதிகால் சின்னதா கீது பாரு. ஆம்பள அச்சுல போட்டா நடக்கறப்போ கயண்டுக்கும்" என்றார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "அச்சு போடணும்" என்றார்.

ஒன்பது, பத்து இரண்டுக்கும் அச்சு வந்தது. முதல் ஜோடியைப் போட்டுப் பார்த்தது அந்த அக்காதான். பட்டறைக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தார். புதுச் செருப்பைக் கழற்றவில்லை.

முதல் ஆர்டர்களில் ஒன்று கல்யாணப் பெண்ணுடையது. பார்சல் போய்ச் சேர்ந்த அன்று போனில் அழுதாள். செருப்பு சரியாக இருந்தது. ஆனால் டப்பாவில் பெரிய எழுத்தில் 'ஜென்ட்ஸ்' என்று இருந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பிரித்திருக்கிறாள்.

நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"உள்ள கீறது சரியாத்தானேமா கீது? டப்பாதானே? லேடீஸ் டப்பால பத்து அடங்காதுமா" என்றார் முதலாளி.

"அந்த டப்பால இருக்கற 'ஜென்ட்ஸ்'ங்கற பேர எங்க கால்ல இருந்து எடுக்கத்தான் சார் இந்தக் கடையே. இன்னொரு தடவ அதுல போனா நான் வேற பட்டறை பாத்துக்குவேன்."

வேறு பட்டறை எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. அது அவருக்கும் தெரிந்திருக்கலாம்.  ஆனால் அடுக்கியிருந்த அந்த டப்பாக்களை உள்ளே தூக்கிப் போகச் சொன்னார். கல்யாணப் பெண்ணுக்கு வேறு நிறத்தில் இன்னொரு ஜோடி, வெற்று வெள்ளைப் பெட்டியில், அவரே அனுப்பினார். அன்றிலிருந்து பெட்டியில் எண் மட்டும்தான்.

இப்போது பூந்தமல்லிப் பக்கம் இரண்டாவதாக ஒருவர் ஷூ செய்து தருகிறார். கூட்டம் அலைமோதவில்லை. ஆனால் ஒரு முறை வாங்கியவர்கள் திரும்ப வருகிறார்கள். போன மாதம் கடைப் பக்கத்தில் யாரோ ஒரு ஆள், "இது பொம்பளைக்கா, யானைக்கா?" என்று எழுதியிருந்தான். அழித்துவிடச் சொன்னார் கணவர். நான் அழிக்கவில்லை. கீழே பதில் போட்டேன்: "யானையின் கால் அளவை வரைந்து அனுப்புங்கள். செய்து தருகிறோம்."